பிள்ளைச்சரிவு

கருமலை எஸ்டேட்
24-6-1934

சௌபாக்கியவதி சொக்கம்மாளுக்கு, தில்லைநாயகம் எழுதுவது.

உன்னைத் தென்காசிக்கு ரயில் ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து இங்கே மழை விட்டபாடில்லை. நீ சுகமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று உன் தம்பி சங்கரபாண்டி ஒரு கார்டு போட்டான். அம்மா வீட்டுக்குப் போனதும் புருஷனுக்கு நாலு வரி எழுத உனக்கு நேரமில்லை போலிருக்கிறது. இருக்கட்டும். பிரசவத்துக்குப் போனவளிடம் சண்டை பிடிக்கக் கூடாது.

ஒரு நல்ல சேதி. உலகத்தில் ரப்பர் மிதமிஞ்சிப் போய் விலை படுத்துவிட்டது என்று புலம்பிக்கொண்டிருந்தோமே, அதற்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. லண்டனில் பல தேசத்துக் கம்பெனிக்காரர்களும் சர்க்கார்க்காரர்களும் கூடி ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். இனி எந்தத் தோட்டத்திலும் புதிதாக ஒரு ரப்பர் மரம்கூட நடக் கூடாது. இருக்கிற மரங்களை எண்ணி, அதற்குத் தக்கபடி ஒவ்வொரு தோட்டத்துக்கும் பங்கு பிரிப்பார்கள். பங்குக்கு மேல் ஒரு ராத்தல் விற்க முடியாது. சரக்குக் குறைந்தால் விலை தானாக ஏறும். வெள்ளைக்காரன் மூளையைப் பார்த்தாயா!

ஆகவே இப்போது பால் வடிகிற ஒவ்வொரு மரமும் கம்பெனிக்குப் பொன். எண்ணுகிற வேலையைப் புதுத் துரை என்னிடம்தான் ஒப்படைத்திருக்கிறார். லண்டனிலிருந்து பார்வையிட ஒருவர் வரப்போகிறார். அவர் திருப்தியாகத் திரும்பிப் போனால் எனக்குப் பெரிய கணக்குப்பிள்ளை உத்தியோகமும், மேட்டில் இருக்கிற ஓட்டு வீடும் தருவதாகத் துரை வாக்குக் கொடுத்திருக்கிறார். வருகிற பிள்ளை ஒழுகாத கூரையின்கீழ் தூங்கும்.

வருத்தமும் உண்டு. பால் குறைவாக எடுத்தால் போதும் என்பதால் லயத்துக் கூலிக்காரர்களில் பாதிப் பேருக்குச் சீட்டைக் கிழித்து வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். சட்டி பானையோடு ஆரியங்காவு ரோட்டில் இறங்கிப் போகிறார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. கம்பெனிதான் என்ன செய்யும்? ஒப்பந்தம் அப்படி.

பிள்ளை பிறந்ததும் தந்தி கொடுக்கச் சொல். சேனை வைக்க நான் வருவேன். வேறு யாரையும் கிட்டே விடாதே.

தில்லைநாயகம்


தென்காசி
ஆனி 14

அத்தானுக்கு, சொக்கு எழுதுகிறேன்.

எழுதவில்லை என்று என்ன கோபம்! கால் இரண்டும் வீங்கிப் போய் உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. இந்த லட்சணத்தில் மடியில் பலகை வைத்து எழுதச் சொல்கிறீர்கள். ஒரு நாள் நீங்கள் சுமந்து பாருங்கள், தெரியும்.

சேனை வைக்க நீங்கள்தான் வர வேண்டும் என்று நானும் அம்மாவிடம் அடித்துச் சொல்லிவிட்டேன். பிறந்த பிள்ளை நாக்கில் முதலில் சீனித் தண்ணீர் தொட்டு வைக்கிறவர் குணம்தானே பிள்ளைக்கு வரும்? அம்மாவுக்கு என் தம்பியை வைக்கச் சொல்ல ஆசை. "ஏட்டி, ஒம் மாப்பிள நல்லவருதான், ஆனா வாயத் தொறக்க மாட்டாரே, பிள்ளயும் ஊமக்கோட்டானா வந்திரப் போகுது" என்கிறாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடக்கமான குணம் வந்தால் நல்லதுதானே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் ஒப்பந்தம் எனக்கு விளங்கவில்லை. யாரோ லண்டனில் கையெழுத்துப் போட்டால் இங்கே லயத்தில் ஏன் உலை அணைய வேண்டும்? லயத்துக்காரர்கள் என்ன அதிகமாகப் பால் எடுத்து ஒளித்தா வைத்தார்கள்?

அது கிடக்கட்டும். உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. மரம் எண்ணும்போது பிள்ளைச்சரிவுப் பக்கம் போகாதீர்கள். அந்த மரங்கள் கம்பெனி மரங்கள் இல்லை. நம் மூத்தவன் தளவாய் அங்கே படுத்திருக்கிறான். எட்டு மாதத்துப் பிள்ளை காய்ச்சலில் கொதித்துக் கிடந்தபோது, அப்போதிருந்த துரை கம்பவுண்டரையும் மருந்துப் பெட்டியையும் குற்றாலம் பங்களாவுக்குக் கூட்டிப் போய்விட்டார், துரைசாணிக்குச் சாரலில் சளி பிடிக்குமாம். அந்த ஒரே வாரத்தில் பால் வெட்டுகிற மாடத்தியின் மகளும் போனாள். குழி தோண்ட ஆளில்லாமல் நீங்களும் மாடத்தியும்தான் தோண்டினீர்கள். பால்குடி மறக்காத பிள்ளையைப் புதைத்தால் மேலே பால் உள்ள மரம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை தவிக்கும் என்று சொல்லி, ஆலுக்கும் அத்திக்கும் அந்தக் காட்டில் எங்கே போவது என்று, நாற்றங்காலில் கழித்துப் போட்ட ரப்பர் கன்றை அவள்தான் கொண்டுவந்து நட்டாள். அதற்குப் பிறகு எத்தனை தாய்மார் நட்டார்கள்! ஏழு வருஷத்தில் அது ஒரு தோப்பாகிவிட்டது.

பழைய துரை, போகட்டும் என்று விட்டார். இந்தப் புதுத் துரைக்கு ஒன்றும் தெரியாது. அதனால் மாடத்தியிடம் சொல்லி அந்த மரங்களுக்கெல்லாம் சுண்ணாம்பும் காவியும் பட்டை பட்டையாக அடிக்கச் சொல்லுங்கள். கோயில் மதில் மாதிரி இருந்தால் சாமிக்கு உரியது என்று எவனும் கிட்டே வர மாட்டான்.

சொக்கு


கருமலை எஸ்டேட்
5-7-1934

சொக்கம்மாளுக்கு,

நீ சொன்னபடியே செய்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத பொழுதில் மாடத்தியும் லயத்தில் மிச்சமிருக்கிற பெண்களும் சுண்ணாம்பு கரைத்து, காவி குழைத்து எல்லா மரத்துக்கும் அடித்தார்கள். நாலு விரல் வெள்ளை, நாலு விரல் காவி. நானும் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தளவாய் மரம் சரிவின் ஓரத்தில் முதலாவதாக நிற்கிறது அல்லவா, அதற்கு மாடத்தி இரண்டு தடவை பூசினாள். "எம் மவளுக்கு ஒரு தடவ போதும்யா, ஒங்க மவன் தொரைக கண்ணுல மொதல்ல படுதானே" என்றாள். இந்த வயதில் குடைக்குள் நின்று அழுதேன் என்று யாரிடமும் சொல்லாதே.

மாடத்தி பெயரும் சீட்டுக் கிழிக்கிற வரிசையில் இருந்தது. புருஷன் இல்லாதவள், நன்றாகப் பால் வெட்டுகிறவள் என்று சொல்லி நான்தான் தடுத்தேன். என்னை ஊமைக்கோட்டான் என்கிற உன் அம்மாவிடம் இதைச் சொல்.

துரை பாதி நாள் குற்றாலத்தில்தான் இருக்கிறார். அருவியில் நல்ல தண்ணீராம். லண்டன்காரர் அடுத்த வாரம் வருகிறார். அவரை ஆற்றோரத்துத் தோட்டத்தைச் சுற்றி அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம் என்று இருக்கிறேன். நீ கவலைப்படாதே.

தில்லைநாயகம்


தென்காசி
ஆனி 26

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாளாகத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். நீங்கள் குடைக்குள் அழுததை யாரிடமும் சொல்ல மாட்டேன். அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "அட, மனுசனுக்குள்ள இவ்வளவு கெடக்கா" என்று அவளும் மூக்கைச் சிந்தினாள். இனி சேனைக்கு என் தம்பி பேச்சே கிடையாது.

நேற்று என்னை வில்வண்டியில் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனார்கள், குழல்வாய்மொழி அம்மனைக் கும்பிட. சாரல் முகத்தில் அடித்தது, உடம்புக்கு இதமாக இருந்தது. கோயிலிலிருந்து திரும்புகையில் பங்களா வாசலில் ஒரு மோட்டார் நின்றது. துரைசாணியின் நாய்க்குட்டியை ஒருவர் மடியில் வைத்துக் காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். யாரென்று பார்க்கிறேன், நம் எஸ்டேட் கம்பவுண்டர்! வண்டியை நிறுத்தி, "அங்கன லயத்துல பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இல்லியா?" என்று கேட்டேன். "காய்ச்சல் எப்பவும் உண்டும்மா, தொர கூப்பிட்டா வராம இருக்க முடியுமா?" என்கிறார். ஏழு வருஷம் ஆகியும் துரைதான் மாறியிருக்கிறார் அத்தான், வேறொன்றும் மாறவில்லை.

இப்போது லயத்தில் எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல்? எனக்கு எழுதுங்கள். ஒளிக்காதீர்கள்.

ஆடி பிறந்தால் எந்த நாளும் வலி எடுக்கலாம் என்கிறாள் மருத்துவச்சி. லீவு கேட்டு வையுங்கள்.

சொக்கு


கருமலை எஸ்டேட்
19-7-1934

சொக்கம்மாளுக்கு,

முதலில் நல்லதைச் சொல்கிறேன். பெரிய கணக்குப்பிள்ளை உத்தியோகம் எனக்கே ஆயிற்று. ஓட்டு வீட்டுக்குச் சாவி வாங்கிவிட்டேன். வெள்ளையடிக்க ஆள் விட்டிருக்கிறேன். லீவும் கிடைத்துவிட்டது.

லண்டன்காரர் வந்து போனார். ஆற்றோரத்தோடு திருப்பிவிட நான் எவ்வளவோ பார்த்தேன். எதிர்ச்சரிவில் நின்றபோது அவர் கண்ணில் பிள்ளைச்சரிவு பட்டுவிட்டது. மழையில் சுண்ணாம்பும் காவியும் பளிச்சென்று தெரிந்தன. கம்பெனிக்காரர்கள் எண்ணின மரத்துக்கு வெள்ளைப் பட்டை போடுவது வழக்கம் என்பது உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றாமல் போயிற்று. "இந்தத் தோட்டத்திலேயே சிறப்பாக வளர்த்து, சிறப்பாக அடையாளம் போட்ட பகுதி இதுதான்" என்று அவர் துரையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். துரைக்கு அப்படி ஒரு தோப்பு இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, புதையல் எடுத்தவர் மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது?

பால் வருகிற மரம்தான் கணக்கில் சேரும் என்பதால் ஒரு மரத்தில் சோதனைக்காகக் கீறிப் பார்க்கப்பட்டது. மற்றவற்றை மழை நின்றபின் பால் வெட்டுக்கு எடுப்பார்கள். குழிகளை யாரும் தொடப் போவதில்லை. மண் அப்படியே இருக்கும்.

மாடத்தி அன்றைக்குத் துரை முன்னால் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டாள். அவளை அனுப்பிவிட்டார்கள். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நீ இதையே நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

தில்லைநாயகம்


தென்காசி
ஆடி 7

அத்தான்,

கடிதத்தைப் படித்துவிட்டு, தப்பாகப் படித்தேனோ என்று தம்பியை விட்டு வாசிக்கச் சொன்னேன். அவனும் அதையே வாசித்தான்.

எந்த மரத்தில் கீறினார்கள்? யார் கீறினார்கள்? மரம் தானாகக் கீறிக்கொண்டதா? மாடத்தி என்ன மரியாதைக் குறைவாக நடந்தாள்? உங்களை அவள் என்ன கேட்டாள், நீங்கள் என்ன சொன்னீர்கள்? மற்றதை வெட்டுக்கு எடுப்பார்கள் என்று எவ்வளவு லேசாக எழுதிவிட்டீர்கள்! அந்தச் சரிவில் பால் வெட்டப்போகிறவர்கள் யார்? அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள்தானே? பெற்ற பிள்ளை தலைமாட்டில் நின்று, அதற்கென்று வைத்த மரத்தைக் கீறி, சிரட்டையில் பால் பிடித்துக் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டுமா? எந்த ஊர் நியாயம் இது? ஐயோ, இதை எழுத உங்களுக்குக் கை வந்ததே!

பட்டை அடிக்கச் சொன்ன பாவி நான். கம்பெனி அடையாளம் வெள்ளை என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அதைக்கூட நான் கேட்கவில்லை, தெரியாமல் நேர்ந்தது. லண்டன்காரருக்கும் தெரியாது. தெரியாதவனிடம் இது பிள்ளைகளின் சமாதி என்று ஒரு வார்த்தை சொல்லலாமே? அவரும் பிள்ளைகுட்டிக்காரராகத்தானே இருப்பார்? உங்களுக்கு இங்கிலீஷ் வருமே!

நான் கேட்டதற்கெல்லாம் பதில் எழுதுங்கள். அதுவரை வீட்டைப் பற்றி எழுத வேண்டாம்.

சொக்கம்மாள்


கருமலை எஸ்டேட்
26-7-1934

சொக்கம்மாளுக்கு,

நீ தென்காசியில் உட்கார்ந்துகொண்டு கேட்கலாம். இங்கே நிற்கிறவனுக்குத்தான் தெரியும். லயத்தில் பாதி காலி. சீட்டுக் கிழிந்தவர்களில் நான் பார்த்து வேலைக்குச் சேர்த்தவர்களும் உண்டு. நாக்கை அசைத்திருந்தால் நானும் ட்ரங்குப் பெட்டியோடு ஆரியங்காவு ரோட்டில்தான் நிற்க வேண்டும். அடுத்த தோட்டத்துக்குப் போகலாம் என்றால், அங்கேயும் இதே ஒப்பந்தம்; ஒருவன் தள்ளிவிட்டவனை இன்னொருவன் சேர்க்க மாட்டான். நீ வயிற்றுப் பிள்ளையோடு இருக்கும்போது நான் என்ன செய்ய?

ரப்பர் மரத்துக்குக் கீறினால் நோகாது. தோல்தான். ஆறிவிடும். இந்த மரம் செத்துவிடவில்லை, மண்ணை யாரும் கிளறவில்லை. இறந்த பிள்ளைக்காக, பிறக்கப் போகிற பிள்ளையைப் பட்டினி போடச் சொல்கிறாயா?

யார், எவர் என்றெல்லாம் கடிதத்தில் எழுதுகிற சமாசாரமில்லை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். நேரில் சொல்கிறேன். அதற்கு முன்னால் பிறந்துவிட்டால் தந்தி கொடு, உடனே புறப்படுகிறேன். சேனைக்கு நான் வந்துவிடுவேன்.

தில்லைநாயகம்


தென்காசி
ஆடி 16

அத்தானுக்கு,

நேற்று விடிகிற நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல உடம்பு, நல்ல குரல். தந்தி கொடுக்க வேண்டாமென்று நான்தான் தம்பியைத் தடுத்தேன்.

முந்தாநாள் மத்தியானம் வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். தலை கலைந்து, கால் வெடித்து, ஏதோ பிச்சைக்காரி என்று அம்மா கஞ்சி எடுக்கப் போனாள். மாடத்தி! செங்கோட்டைப் பக்கம் நாற்று நட்டுச் சாப்பிட்டுவிட்டு, வீட்டை விசாரித்து விசாரித்து நடந்தே வந்திருக்கிறாள். "தாயி, ஒங்ககிட்ட சொல்லாம எனக்குத் தண்ணி எறங்கல" என்று தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நீங்கள் எழுதாததை அவள் சொன்னாள். லண்டன்காரர் ஓரத்து மரத்தைக் காட்டினார், நம் தளவாய் மரத்தை. துரை, மாடத்தியைக் கத்தியோடு கூப்பிட்டார். அவள் உங்களைப் பார்த்துக் கும்பிட்டாளாம். "ஐயா, இது மரமில்ல, நம்ம பிள்ளைக படுத்திருக்கிற எடம்னு தொரைக்கு வெளங்கும்படியா ஒரு வார்த்த சொல்லுங்கய்யா. எனக்கு அந்தப் பாச தெரியாதே!" நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அவள் கத்தியைத் துரை காலடியில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். துரை சத்தம் போட்டார். அப்போது நீங்கள் குனிந்து கத்தியை எடுத்தீர்களாம்.

அத்தான், நான் அவளை அடிக்கப் போனேன். பொய் சொல்லாதே என்று கத்தினேன். அவள் என் காலைப் பிடித்துக்கொண்டு, "பொய்யா இருந்தா நல்லாருக்குமே தாயி" என்று அழுதாள்.

பால் வெட்டிப் பழக்கமில்லாத கை. தோலோடு நிற்காமல் உள்மரம் வரை இறங்கிவிட்டது என்றாள். பால் பீறிட்டுச் சுண்ணாம்பிலும் காவியிலும் ஒழுகியது. நீங்களே சிரட்டை வைத்துப் பிடித்தீர்கள். லண்டன்காரர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். எல்லோரும் போனபிறகு மாடத்தி ஈர மண்ணைக் குழைத்து அந்தக் காயத்தில் அப்பிவிட்டுத்தான் மலை இறங்கினாளாம். அவள் சட்டி பானையைக் கங்காணி மழைக்குள் எறிந்திருந்தான்.

அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்கு வலி கண்டுவிட்டது. ராத்திரி முழுக்க என் இடுப்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான்.

நீங்கள் பயந்ததை நான் குற்றம் சொல்லவில்லை. வேலை போய்விடும், சோறு போய்விடும், பயம் எனக்கும் உண்டு. நீங்கள் வாய் திறக்காமல் நின்றதைக்கூட நாளாவட்டத்தில் பொறுத்திருப்பேனோ என்னவோ. குனிந்து எடுத்தீர்களே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? நானும் ராப்பகலாக அதையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். உங்கள் கை எனக்குத் தெரியும். பேனாக் காய்ப்பு இருக்கிற விரல். அதே விரலால்தான் இவள் நாக்கில் சீனித் தண்ணீர் வைக்க வேண்டுமென்று அம்மாவோடு மல்லுக்கட்டினேன்.

ஓட்டு வீட்டுக்கு வெள்ளையடிப்பதை நிறுத்திவிடுங்கள். நாங்கள் வருவதாக இல்லை. அந்தச் சரிவில் மற்ற மரங்களை இன்னும் வெட்டுக்கு எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மழை நிற்க நாள் இருக்கிறது. துரையிடம் போய், அவருக்கு விளங்குகிற பாஷையில், அங்கே யார் படுத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். சொல்லிவிட்டு ட்ரங்குப் பெட்டியோடு வந்தாலும் சரி, வெறுங்கையோடு வந்தாலும் சரி, பிள்ளையை உங்கள் மடியில் போடுகிறேன். சொல்லாமல் வந்தால் வாசலோடு பார்த்துவிட்டுப் போகலாம்.

பிள்ளையைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்ததும் அம்மா சீனித் தண்ணீரைக் கிண்ணத்தில் கரைத்து வைத்துக்கொண்டு, தம்பியைக் கூப்பிடட்டுமா என்றாள். நான் மாடத்தியைக் கூப்பிட்டேன். வீடே அதிர்ந்துபோய்விட்டது. "ஏட்டி, ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? கூலிக்காரியக் கொண்டாந்து நடுவீட்டுல நிறுத்துதியே, நாளைக்குச் சாதிசனம் நம்ம வாசல் மிதிக்குமா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "தளவாய்க்குக் குழி தோண்டுதப்ப எந்தச் சாதிசனம் வந்துச்சும்மா? இவதான வந்தா" என்றேன். அம்மா கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

மாடத்தி வேண்டாம் வேண்டாமென்று சுவரோடு ஒட்டினாள். நான் விடவில்லை. கடைசியில் சேலையில் கையைத் துடைத்துத் துடைத்து, விரலைத் தோய்த்துப் பிள்ளை நாக்கில் வைத்தாள். பிள்ளை அந்த விரலைப் பிடித்துச் சப்பியது. நெடுநேரம் விடவில்லை.

சொக்கம்மாள்